4294967297: ஓர் எண்ணை உடைக்கும் வழி

அவையோருக்கு வணக்கம். இந்தப் பேச்சு முழுக்க ஒரே ஓர் எண்ணைப் பற்றியது: 4294967297. அதாவது 2³² + 1.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் ஒரு வரிசை வரும். அந்த வரிசையில் இதற்கு முன்னால் நிற்பவை 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். தொடர்ந்து வருபவையும் அப்படித்தான் இருக்கும் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர், 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது என்று காட்டினார்.

641 எப்படி அகப்பட்டது? 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 116-ஆவது வகுத்தலில்தான் அது வரும். ஆனால் அத்தனை வகுத்தலும் தேவையில்லை. p என்ற பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வையுங்கள். 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. 2-க்கு மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 64-ஐ வகுக்க வேண்டும், 32-ஐ வகுக்கக் கூடாது. ஆகவே அது 64-தான். 2-இன் (p − 1)-ஆம் அடுக்குக்கும் மீதி 1 என்பது ஃபெர்மாவின் தேற்றம். அப்படியானால் p − 1 என்பது 64-இன் மடங்கு. இங்கேயே நிற்க வேண்டாம்: p-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் 2 ஒரு வர்க்க மீதி ஆகிறது, அதாவது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தை p-ஆல் வகுத்தால் மீதி 2 வரும்; அந்த எண்ணுக்கு மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 128, எனவே p − 1 என்பது 128-இன் மடங்காகவே இருந்தாக வேண்டும். பிற்காலத்தில் லூக்கா சேர்த்த நுட்பம் இது.

இப்போது எண்ணிப் பாருங்கள்: 129, 257, 385, 513, 641. இவற்றில் பகா எண்கள் 257, 641 இரண்டே. நம் வரிசையின் முதல் ஐந்து எண்களான 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றைப் பெருக்கி 2-ஐக் கூட்டினால் நம் எண் வருவதால், 257-ஆல் வகுத்தால் மீதி 2. ஆக, முதல் வகுத்தலே 641!

அந்த ஒரு வகுத்தலைக்கூடத் தவிர்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-க்கு மீதி −1, அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 5⁴ = 625 = 641 − 16; அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்று வருகிறது; அதாவது 2³² + 1-க்கு மீதி சுழியம். முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது.

மற்ற காரணி 6700417. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டும். அதை வகுக்கும் பகா எண் நம் எண்ணையும் வகுக்கும் என்பதால் பழைய நிபந்தனையே போதும். அதற்குள் 128-இன் மடங்கோடு 1 சேர்ந்த பகா எண்களில் 257 போக எஞ்சுபவை 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. ஆகவே அது பகா எண்.

கணினியில் சோதிப்பவர்கள் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள். ஃபெர்மா சோதனையில் ஓர் அடிமானத்தை, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு (இங்கே 2³²) உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதியைப் பார்க்கிறோம். 2-ஐ அடிமானமாக வைத்து அதைச் செய்தால் மீதி 1 வரும். எண் பகா எண் போலவே தோன்றும். 3-ஐ வையுங்கள்: ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு 32 முறை வர்க்கப்படுத்திய பின் 3029026160 வரும். பகா எண்ணாக இருந்தால் 1 வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று 64 பிட் வரம்பு: வழக்கமான முழு எண்ணுக்கு நிரல் 64 இரும இலக்கங்களைத்தான் ஒதுக்கும். 2³²-ஐவிடச் சிறிய மீதிகளின் வர்க்கம் 64 பிட்டுக்குள் அடங்கும். 2³² மட்டும் அடங்காது. அதன் வர்க்கம் 2⁶⁴, நிரல் அதைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளும். உண்மையான மீதி 1. அடிமானம் 2 என்றால் கணக்கு நேரே அந்த இடத்தில்தான் போய் நிற்கும். பகு எண் என்ற சரியான விடை தவறான வழியில் வந்து சேரும், பிழை கண்ணில் படாது. பெருக்கலை 128 பிட்டில் வையுங்கள்.