சம்பளம் வாங்க மறுத்த வீரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். போர்வீரனின் வீரத்துக்கு உரைகல் களமா, களத்துக்கு வெளியே அவன் வாழும் வாழ்வா என்ற கேள்வியில், வாழ்வே என்று வாதிட வந்திருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காட்டிய வீரத்துக்காக நாட்டின் உயரிய பதக்கம் பெற்ற வில்லியம் கார்னியை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். நானும் அவரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1840-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த கார்னி, 1863-ல் கறுப்பின வீரர்களைக் கொண்ட 54-ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூலை 18 அன்று தென் மாநிலப் படையினர் வசமிருந்த வாக்னர் கோட்டைமீது நடந்த தாக்குதலில், கொடி பிடித்தவர் வீழ்ந்ததும் அதைத் தாம் ஏந்தி மதில்மேடுவரை ஏறினார். திரும்பும்போது, போகையில் வறண்டுகிடந்த அகழியில் இடுப்பளவு நீர் ஏறியிருந்தது. கொடியைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு அதைக் கடந்தார். காயம்பட்ட அவருக்கு உதவ வந்த நியூயார்க் படைவீரரிடம்கூட, 54-ஆம் பிரிவினரைத் தவிர எவரிடமும் கொடியைத் தர மாட்டேன் என்றார். இந்தத் தீரத்தை நான் இம்மியும் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அதே பிரிவினர் களத்துக்கு வெளியே செய்ததை எதிரணி ஏன் சொல்லாமல் விட்டது? வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். பிரிவு முழுவதும் அந்தச் சம்பளத்தைத் தொட மறுத்தது. குறைகிற தொகையைத் தானே தருவதாக மாநில அரசு முன்வந்தபோதும், சமமான சிப்பாய்கள் என்று நாடு ஒப்புக்கொள்ளட்டும் எனக் காத்திருந்தது. பெண்டு பிள்ளைகள் ஊரில் வறுமையில் வாட, ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளமின்றிப் போரிட்டார்கள். 1864 ஜூனில்தான் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. களத்தின் ஆவேசம் ஓர் இரவு தாங்கும். சம்பள நாள்தோறும் வீட்டின் பசியை நினைத்தபடியே ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு எந்த முரசும் துணைக்கு வராது, நடுவர் அவர்களே!

போருக்குப் பின் கார்னி நியூ பெட்ஃபோர்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் தபால்காரராக வேலை பார்த்தார். அவருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது 1900 மே மாதத்தில். களமே உரைகல் என்றால், கொடியோடு அவர் மீண்டதைச் சக வீரர்கள் கண்ணாரக் கண்டிருந்தும் அந்த மதிப்பீட்டுக்கு 37 ஆண்டுகள் ஏன் பிடித்தன என்பதற்கு எதிரணியினர் முதலில் விடை சொல்லட்டும்.