உலை அணைந்த ஊருக்கு விருந்தினர் வந்த கதை

அவைத் தலைவர் அவர்களுக்கும், கட்டிடக்கலை மற்றும் சுற்றுலாத் துறை மாணவர்களுக்கும், ஆர்வத்தோடு வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

நல்ல வடிவமைப்பையும் மக்கள் பங்கேற்பையும் கொண்டு திறந்தவெளிப் பொழுதுபோக்கையும் சுற்றுலாவையும் வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். அருவியும் மலையும் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இதைப் பேசுவது எளிது. அங்கே பாதி வேலையை இயற்கையே செய்து முடித்திருக்கும். ஆகவே, யாரும் எட்டிப் பார்க்க விரும்பாத ஒரு நிலப்பரப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஜெர்மனியின் மேற்கே நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்து, அவற்றாலேயே கருகிப்போன ரூர் பகுதிதான் அது.

அந்தப் பகுதியின் நடுவே எம்ஷர் என்ற சிறிய ஆறு ஓடி ரைன் நதியில் கலக்கிறது. பூமிக்கடியில் நிலக்கரி வெட்டப்பட்டதால் மேலே நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்தது. சில இடங்களில் 20 மீட்டர் அளவுக்கும் தாழ்ந்தது. அப்படிப்பட்ட மண்ணில் கழிவுநீர்க் குழாய்களைப் புதைத்தால் அவை உடைந்துபோகும் என்பதால், 1899இல் அமைக்கப்பட்ட எம்ஷர் நீர்க் கூட்டமைப்பு அந்த ஆற்றையே திறந்த சாக்கடையாக்கியது. கரைகள் நேராக்கப்பட்டுக் கான்கிரீட் தளம் இடப்பட்டது. ஓரங்களில் வேலி எழுந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வளர்ந்த குழந்தைகளுக்கு ஆற்றங்கரை என்பது போகக்கூடாத இடம். ஆலை மதிலுக்குள் போவதற்கும் வேலைச் சீட்டு வேண்டும். நம் கதை தொடங்கும்போது ரூர் மக்களுக்கே தங்கள் ஊரின் பெரும்பகுதி மூடிய நிலமாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவற்றின் பொருள் தெளிவாகும்.

1957இல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அடுத்த 30 ஆண்டுகளில் சுரங்கங்களும் உலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1989இல் அந்த மாநில அரசு, எம்ஷர் பூங்கா சர்வதேசக் கட்டிடக் கண்காட்சி என்ற பெயரில் 10 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கண்காட்சி என்ற பெயரைக் கேட்டு மண்டபத்தையும் மாதிரி வீடுகளையும் கற்பனை செய்ய வேண்டாம். 17 நகராட்சிகளில் ஏறத்தாழ 120 பணிகளை அது எடுத்துக்கொண்டது. அதை வழிநடத்திய கார்ல் கான்சர், முழுப் பகுதிக்கும் ஒரே வரைபடத்தைத் தீட்டி மேலிருந்து இறக்க மறுத்தார். நகராட்சிகளும் குடிமக்கள் குழுக்களும் தங்கள் யோசனைகளைக் கொண்டுவர வேண்டும், தகுதியானவற்றுக்கு அரசு நிதியில் முன்னுரிமை கிடைக்கும் என்பதே ஏற்பாடு. கொஞ்சம் மெதுவாக நகரும் முறைதான். ஆனால் யோசனை யாருடையதோ அவர்களே பின்னால் அந்த இடத்துக்குக் காவலாகவும் நிற்பார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது.

அந்தப் பணிகளில் என் நேரத்தின் பெரும்பகுதியைப் பெறத் தகுந்தது டூயிஸ்பர்க் நகரின் வடக்கே மைடரிஷ் பகுதியில் இருந்த திசன் இரும்பாலை. தாதை உருக்கி இரும்பாக்கும் 5 ஊது உலைகள் கொண்ட அந்த ஆலை 1985 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. இடித்துத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வலுவாக இருந்தபோது, அதைத் தடுக்க முன்வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தங்கள் தந்தையரும் தாத்தாக்களும் உழைத்த இடம் தரைமட்டமாவதை அவர்கள் விரும்பவில்லை. பின்னர் நடந்த வடிவமைப்புப் போட்டியில் 5 குழுக்கள் கலந்துகொண்டன. நிலத்தோற்றக் கலைஞர் பீட்டர் லாட்சின் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

லாட்ஸ் அந்த ஆலையைப் பூசி மெழுகவில்லை. துருப்பிடித்த உலை துருவோடு நின்றது. தாதும் கரியும் ஏற்றி வந்த ரயில் மேடுகள் நடைபாதைகளாகின. வார்ப்புக் கூடத்தில் கிடந்த 49 இரும்புத் தகடுகளை, ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ளவை, உலைகளுக்கு நடுவே சதுரமாகப் பதித்து ஒரு முற்றம் அமைத்தார். கூரையில்லாத கிடங்குகளின் தடித்த சுவர்களுக்குள் தோட்டங்கள் வளர்ந்தன. நஞ்சேறிய மண்ணையெல்லாம் அள்ளி வேறோர் ஊரின் தலையில் கொட்டாமல், மோசமானவற்றை மூடி முத்திரையிட்டு, மற்ற இடங்களில் தானாக முளைத்த செடிகொடிகளை வளரவிட்டார். பழைய எம்ஷர் கால்வாயில் ஓடிய சாக்கடை நிலத்தடிக் குழாய்க்குப் போனது. கால்வாயில் மழைநீர் வந்து நின்றது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அங்கே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான். அந்தச் சமவெளியில் மலை கிடையாது. ஆனால் ஜெர்மானிய மலையேற்றச் சங்கத்தின் டூயிஸ்பர்க் கிளையினர் தாதுக் கிடங்குகளின் உயர்ந்த கான்கிரீட் சுவர்களைப் பார்த்து, இதுவே எங்கள் பாறை என்றார்கள். பிடிகளையும் ஏறும் தடங்களையும் தாங்களே அமைத்து, அந்த இடத்தைப் பயிற்சிக் களமாக்கிப் பராமரித்து வருகிறார்கள். பயன்படாமல் நின்ற பெரிய எரிவாயுத் தொட்டியை ஆழ்கடல் மூழ்குநர்கள் கேட்டு வாங்கினார்கள். 45 மீட்டர் விட்டமும் 13 மீட்டர் ஆழமும் கொண்ட அந்தத் தொட்டியில் இப்போது நீர் நிரம்பியிருக்கிறது. அடியில் செயற்கையாக மூழ்கடித்து வைத்த கப்பலும் உண்டு. எந்த வடிவமைப்பாளரும் வரைபடப் பலகையின் முன் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. லாட்சின் திறமை, இடத்தைப் பாதுகாப்பாக்கி, வழிகளைத் திறந்து, மிச்சத்தை அங்கே வந்தவர்கள் கண்டுபிடிக்கும்படி விட்டதில் இருக்கிறது. 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. இரவும் பகலும் திறந்தே இருக்கும். 5ஆம் எண் உலையின் மேல்தளத்துக்கு, ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்துக்கு, எவரும் படியேறிப் போகலாம்.

பிறகு 1996இல் விளக்குகள் வந்தன. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் மேடைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரிட்டானியர் ஜொனதன் பார்க், உலைகளுக்கு நீலமும் பச்சையும் சிவப்புமாக ஒளியூட்டினார். மதிற்சுவருக்குள் கறுத்துக் கிடந்த ஆலை, நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கும் தெரியும் காட்சிப்பொருளாயிற்று. வெளியூர்க் கூட்டம் பெருகியது இதற்குப் பிறகே. முதலில் உள்ளூர்க்காரர் பயன்படுத்திய இடம், பிறகு பயணிகள் தேடிவந்த இடம் என்ற இந்த வரிசை மாறியிருந்தால் அது வெறும் ஒளிக்காட்சியாக முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எசன் நகரின் சோல்வெரைன் சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் கற்கரி ஆலையை ஒட்டிய நீர்க்கால்வாய் குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தடமாகிறது. பொட்ராப்பில் சுரங்கக் கழிவு கொட்டிய மேட்டின் உச்சியில் 1995இல் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட எஃகு நான்முகி ஒன்று எழுந்தது. டூயிஸ்பர்க்கின் தெற்கே, 2011இல், ரோலர் கோஸ்டர் வடிவில் ஒரு நடைபாலம் அமைந்தது. தலைகீழாகச் சுழலும் வளையத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் நடந்து ஏறலாம். இவை போன்றவற்றை இணைத்து 1999இல் 400 கிலோமீட்டர் நீளமுள்ள தொழிற்பண்பாட்டுப் பாதை திறக்கப்பட்டது. சரக்கு ரயில் தடங்கள் மிதிவண்டிப் பாதைகளானதில் ஒரு நுட்பம் உண்டு. பாரம் சுமந்த ரயிலுக்காகப் போட்ட தடம் செங்குத்தாக ஏறாது. சாலைகளைப் பாலத்தின் மேல் கடந்துவிடும். ஆகவே முதியவர்களும் சிறுவர்களும் வாகனப் பயமின்றி மிதித்துப் போகிறார்கள்.

2010இல் எசனும் அதனோடு 52 ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கின. அந்த மே மாதத்தில், மூடப்பட்ட சுரங்க வாய்கள் இருந்த 300க்கும் மேற்பட்ட இடங்களில் பெரிய மஞ்சள் பலூன்கள் 80 மீட்டர் உயரத்தில் பறந்தன. அவற்றைக் காத்து நின்று, வந்தவர்களுக்குப் பழங்கதை சொன்னவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். ஜூலை 18 அன்று டூயிஸ்பர்க்குக்கும் டார்ட்மண்டுக்கும் இடையே 60 கிலோமீட்டர் நெடுஞ்சாலை மூடப்பட்டது. ஒரு பக்கம் 20,000 மேசைகள், மறுபக்கம் மிதிவண்டிகள். மேசை கேட்டு வாங்கிய குடும்பங்களும் சங்கங்களும் தங்களுக்குத் தோன்றியதைச் செய்தன. ஏறத்தாழ 30 லட்சம் பேர் வந்தார்கள்.

ஆறு நாள் கழித்து அதே டூயிஸ்பர்க்கில், கைவிடப்பட்ட சரக்கு ரயில் நிலையத்தில் நடந்த இசைத் திருவிழாவில் 21 பேர் நெரிசலில் இறந்தார்கள். சாலைச் சுரங்கப்பாதை வழியாக உள்ளே வருவோரும் வெளியேறுவோரும் ஒரே சாய்தளத்தில் மோதிக்கொண்டார்கள். இதை மறைத்துவிட்டு ரூரின் வெற்றியை மட்டும் பேசுவது நேர்மையாகாது. 60 கிலோமீட்டரில் பரவிய கூட்டத்துக்கு எந்த இடத்திலிருந்தும் விலகிச் செல்ல வழி இருந்தது. வேலியிட்ட நிலத்துக்குள் போனவர்களுக்கு அது இல்லை. இங்கே இருக்கும் மாணவர்கள் விளம்பரச் சுவரொட்டியை வரைவதற்கு முன் வெளியேறும் வழியை வரைய வேண்டும்.

சுற்றுலா, ஆலைகள் தந்த வேலைகளைத் திருப்பித் தந்ததா? தரவில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று. அமிழ்ந்த நிலம் ஏரியாகாமல் இருக்க, கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்ட பிறகும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு முடிவு கிடையாது. எம்ஷர் ஆற்றை மீட்க ஏறத்தாழ 550 கோடி யூரோவும் 30 ஆண்டுகளும் ஆயின; 2021 இறுதியில்தான் அதில் கழிவுநீர் கலப்பது முழுவதும் நின்றது. பூங்காக்களைக் கட்டிய பணத்தைச் சுற்றுலா வருமானம் மீட்டுத் தரும் என்று யாராவது ரூரை எடுத்துக்காட்டினால், நம்பாதீர்கள். அங்குள்ளவர்களுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு போய்வர ஓர் இடம். என் கணக்கில் அது சிறியதல்ல.

1997இல் கெல்சன்கிர்ஷனின் நார்ட்ஷ்டேர்ன் சுரங்க நிலத்தில் தேசியத் தோட்டக் கண்காட்சி நடந்தது. முடிந்த பின் அந்த நிலம் ஊராரின் பூங்காவாகவே நிலைத்தது. 2027இல் ரூர் முழுவதும் நடக்கவிருக்கும் சர்வதேசத் தோட்டக் கண்காட்சிக்கும் அதே பூங்கா ஒரு களம். பெரிய தோட்டங்களோடு, குடியிருப்போர் தாங்களே வளர்க்கும் சிறு தோட்டங்களுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வரும் கூட்டத்தைச் செய்தித்தாள்கள் எண்ணிச் சொல்லும். நான் அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தச் சிறு தோட்டங்களில் எத்தனைக்கு இன்னும் யாராவது தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று விசாரிப்பேன்.