வாடி போனா வயலும் போகும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த வெக்கையிலயும் எழும்பிப் போகாம இருந்து கேக்கிற எங்கட திருகோணமலைச் சனத்துக்கும் வணக்கம்.

இண்டைக்குத் தலைப்பு இதுதான். சரணாலயங்கள்லயும் அதுகள ஒட்டின கிராமங்கள்லயும் இருக்கிற பழைய வாடி, அதாவது கமக்காரர் தங்கிக் காவல் காக்கிற வயல் கொட்டில், மாட்டுப்பட்டி, நெல்லுக் களஞ்சியம் இதுகள எடுத்துப்போட்டு அந்த இடத்துல லீவுக்கு வாறாக்களுக்கு விடுதி கட்டுறது ஊருக்கு நல்லதா கெட்டதா. கெட்டது எண்ட பக்கம் நான் நிக்கிறன். எதிரணில முதல் பேசின தம்பி நல்லாத்தான் பேசினார், ஓடு விழுந்த களஞ்சியம், கரையான் திண்ட மரம், பாம்பு குடியிருக்கிற கொட்டில், இத வச்சு என்ன செய்யப்போறீங்க, ஆறு கபானா, டூரிஸ்ட் தங்குற சின்னக் குடில், போட்டா அறுபது வருசக் கடன் தீரும் எண்டு கேட்டார். கைதட்டலும் வந்தது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் கவலையா இருந்தது, ஏனெண்டா கைதட்டினதுல பாதிப்பேர் வயல்காரங்கட பிள்ளைகள்.

தம்பி, அந்த வாடி பாழடைஞ்சு கிடக்கேல்ல. நீங்க போன நேரம் ஆள் இல்ல, அவ்வளவுதான். வள்ளமெல்லாம் கடலுக்குப் போன நேரம் கரைக்கு வந்து பாத்திட்டு இந்தக் கரையில மீனவரே இல்ல எண்டு சொல்ற மாதிரி அது. விதைப்புக்கு வாங்க, அறுவடைக்கு வாங்க, அப்ப அந்த நாலு சுவருக்குள்ள விதைநெல் மூட்டை இருக்கும், தண்ணி மோட்டர் இருக்கும், மருந்தடிக்கிற டேங்க் இருக்கும், மூண்டு கல்லு அடுப்பு எரிஞ்சுகொண்டிருக்கும், நாலைஞ்சு பேர் பாயப் போட்டுப் படுத்திருப்பாங்க. படுத்திருப்பாங்க எண்டுதான் சொன்னன், நித்திரை கொள்ளுவாங்க எண்டு சொல்லேல்ல.

யானைக்காகத்தான். கந்தளாய்ப் பக்கம், தம்பலகாமம், சேருவில, மூதூர் எண்டு எங்கட மாவட்டத்துல யானை வராத வயல்வெளி எங்க இருக்கு? கதிர் பால் பிடிக்கத் தொடங்கினா ராத்திரி ராத்திரியா காவல். ஒரு வாடில லைட் அடிப்பாங்க, அடுத்த வாடில சத்தம் போடுவாங்க, அதுக்கடுத்ததுல இருக்கிறவன் யானைவெடி கொளுத்துவான், இப்பிடி ஒருத்தர் மற்றவருக்குக் கைமாத்திக் கைமாத்தித்தான் அந்த மிருகத்தக் காட்டுப்பக்கம் திருப்பி விடுறது. காவல் எண்டது தனி ஆளால ஏலாத வேலை ஐயா. நடுவில ரெண்டு வாடிய எடுத்திட்டு அங்க கண்ணாடிக் கதவு வச்ச ரூம் கட்டி, சுத்திவர மின்சார வேலி போட்டா, அங்க தங்க வந்தவருக்கு ஒண்டும் ஆகாது, அவர் பாதுகாப்பா பல்கனில நிண்டு போட்டோ எடுப்பார். யானை வேலியில முட்டித் திரும்பி எங்க போகும்? பக்கத்து வயலுக்குத்தான். அந்தப் பக்கத்து வயல்காரன் விடுதில ஒரு ரூபாயும் காணாதவன். அவன்ட பயிரும் போகும், சில நேரம் உயிரும் போகும். ஆறு கபானாக் கணக்குச் சொன்ன தம்பி இந்தக் கணக்கையும் சேத்துச் சொல்லியிருக்கோணும்.

இனித் தண்ணிக்கு வாறன். இதுல நான் கொஞ்சம் நேரம் எடுப்பன் ஐயா, மணி அடிக்காம இருந்தா நல்லம்.

எங்கட மழை மாரி மழை. ஒக்டோபரில தொடங்கி ஜனவரி வரைக்கும் வாடைக்காத்தோட வாற மழைதான் குளத்தையும் கிணத்தையும் நிரப்புறது. டூரிஸ்ட் வாற காலம் எது? மே மாதத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும், கடல் படுத்துக் கிடக்கிற நேரம், கச்சான் காத்து நெருப்பு மாதிரி வீசுற நேரம். அதே மாதங்கள்தான் எங்கட சிறுபோகமும், குளத்துத் தண்ணிய நம்பிச் செய்யிற கோடை நெல்லு. விளங்குதா? விடுதிக்கு ஷவரும், வெள்ளை பெட்ஷீட் தோய்க்கிற மெஷினும், சின்னதா ஒரு நீச்சல் குளமும் தேவைப்படுற அந்த நேரத்துலதான் குளத்துல தண்ணி இறங்கிக்கொண்டே போகும். கந்தளாய்க் குளத்துத் தண்ணி தம்பலகாமம் வரைக்கும் வரோணும். தண்ணி காணாத வருசம் எல்லா வயலும் செய்ய ஏலாது எண்டு கூட்டம் வச்சு, பங்கு பிரிச்சு, இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் எண்டு முடிவெடுத்து, தன்ட வயல ஒரு போகம் சும்மா போட்டுட்டுப் பல்லக் கடிச்சுக்கொண்டு இருக்கிற கமக்காரர் இருக்கிறாங்க. அந்தக் கூட்டத்துல விடுதி முதலாளி இருக்கமாட்டார். அவருக்கு வாய்க்கால் தண்ணி தேவையில்ல, அவர் குழாய்க்கிணறு அடிச்சிடுவார். நிலத்துக்குக் கீழ இருக்கிறது வேற ஆற்றயோ தண்ணி எண்டா நினைக்கிறீங்க?

கரையோரம் இன்னும் மோசம். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் மணல் நிலம், மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல ஒரு படையா மிதந்துகொண்டு நிக்கும். அந்தப் படைதான் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் குடிக்கிறதுக்கும். வாளியால அள்ளினா அது தாங்கும், தோட்டக்காரர் மோட்டர் வச்சு அளவாய் இறைச்சாலும் ஓரளவுக்குத் தாங்கும், ஆனா பகல் ராத்திரி எண்டு விடாம உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு மேல ஏறும், ஏறினது பிறகு லேசில இறங்காது. அதே மணலுக்குள்ளதான் மலக்குழியும் வெட்டுறாங்க. மேல இருந்து கழிவு, கீழ இருந்து உப்பு, நடுவில நிக்குது குடிக்கிற தண்ணி.

மாட்டப் பத்தி ஒரு சொல்லு. கிண்ணியாத் தயிர், மூதூர்த் தயிர் எண்டு கொழும்பு வரைக்கும் பேர் போகுது. அந்த எருமை ஏசி ரூமிலயா நிக்குது? விதைப்புக் காலத்துல வயல விட்டு மேய்ச்சல் தரைக்குச் சாய்ச்சுக்கொண்டு போகோணும், அறுவடை முடிஞ்சா தாளடிக்குத் திருப்பிக் கொண்டு வரோணும். அந்தப் பாதையில உள்ள பட்டியள எடுத்து வேலி போட்டா மாடு நிக்க இடமில்ல. மாடு இல்லாட்டிச் சட்டித் தயிரும் இல்ல. விடுதிக்காரர் காலைச் சாப்பாட்டுக்குப் பக்கெட் தயிர்தான் வைப்பார்.

இப்ப நான் சொல்லப்போறது எனக்கு மனசுல கிடந்து உறுத்துற விசயம். எதிரணி அக்கா சொன்னாங்க, சண்டைக்குப் பிறகு பாதி வாடி காடு மூடிக் கிடக்கு, அத யாராவது எடுத்துக் கட்டினாத்தான் என்ன எண்டு. அக்கா, காடு தானா வந்து மூடேல்ல. சனத்த எழுப்பி விட்ட படியாத்தான் மூடினது. 2006ல வெளிக்கிட்ட சம்பூர்ச் சனம் 2015, 2016லதான் காணிக்குத் திரும்ப முடிஞ்சது. இந்த மாவட்டத்துல எத்தினை குடும்பம் காணி உறுதிப் பத்திரமும் பெர்மிட்டும் ஷொப்பிங் பேக்ல கட்டிக்கொண்டு ஓடி, ஓடின வழியில அதையும் துலைச்சது? திரும்பி வந்து, இது எங்கட காணி, நாங்க செய்த வயல் எண்டு சொன்னா, என்ன சாட்சி எண்டு கேப்பாங்க. அப்ப கை நீட்டிக் காட்டுறதுக்கு என்ன இருக்கு? ஒரு பழைய கிணறு. ஒரு புளியமரம். வாடியின்ட அத்திவாரக் கல்லு, களஞ்சியத்தின்ட உடைஞ்ச ஒரு சுவர். இங்க மனுசர் உழுது விதைச்சு வாழ்ந்தாங்க எண்டதுக்குக் கடதாசி இல்லாதவங்களுக்கு அந்தச் சுவர்தான் கடதாசி. அதப் புல்டோசர் போட்டுத் தள்ளிட்டு, முப்பது வருசக் குத்தகைக்கு வெளி ஆளிட்டக் குடுத்தா, அந்தக் குத்தகை முடியிற நேரம் எங்கட பேரப்பிள்ளை வந்து எதக் காட்டுவான்? இத நான் கோவத்துல சொல்லேல்ல ஐயா. பயத்துல சொல்றன்.

அடுத்தது இங்கிலாந்து. வெள்ளைக்காரனே பண்ணைக் கொட்டில ஹொலிடே வீடா மாத்துறான், நாங்க ஏன் பின்னுக்கு நிக்கோணும் எண்டு கேட்டீங்க. அங்க பண்ணைக் கட்டடங்கள வீடாக்கிறத லேசாக்கி 2014ல ஒரு விதி வந்தது உண்மை, முழு அனுமதி விண்ணப்பம் இல்லாமலே மாத்தலாம் எண்டு. ஆனா அந்த விதி தேசியப் பூங்காவுக்குள்ள செல்லாது எண்டு அப்பவே விலக்கி வச்சாங்க. அங்கயும் கட்டுறாங்கதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா பூங்காவுக்குள்ள அத முழுசா விண்ணப்பம் போட்டு, கேள்விக்குப் பதில் சொல்லித்தான் செய்யோணும். ஏன் அப்பிடி? யோர்க்‌ஷயர் டேல்ஸ் எண்டு ஒரு இடம், 1954ல தேசியப் பூங்காவாக்கினது. அங்க புல்வெளிக்கு நடுவில கல்லுக் கொட்டில் நிக்கும், கீழ குளிருக்கு மாடு, மேல காய வச்ச புல்லு. மாட்டின்ட எருவ அதே புல்வெளிக்குப் போடுவாங்க, அந்த எருவிலயும் அளவான மேய்ச்சல்லயும் நேரத்துக்கு வெட்டுற புல்லிலயும்தான் அந்தப் பூப்பூத்த வெளி உண்டானது. பாக்க வாற சனம் பாக்கிறது கமக்காரன்ட வேலைய. அந்த வேலை நிண்டா காட்சியும் நிண்டிடும். அதோட, கிராமத்து வீடெல்லாம் லீவு வீடாப் போய் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு இல்லாம அங்க படுற பாட்டால, 2025 ஏப்ரல்ல இருந்து ஆள் குடியிருக்காத இரண்டாம் வீட்டுக்கு வரிய ரெண்டு மடங்காக்கலாம் எண்டு உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. அவன் பட்டுத் தெரிஞ்சுகொண்டத நாங்க பாத்தே தெரிஞ்சுகொள்ளலாமே.

சட்டம் இருக்குத்தானே, கட்டுற எல்லாரும் அனுமதி எடுத்துத்தானே கட்டப்போறாங்க எண்டும் ஒரு கதை வந்தது. இருக்கு. எங்கட மாவட்டத்துல அறிவிச்சதுகளப் பாருங்க, நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம் 1963ல, சேருவில அல்லைச் சரணாலயம் 1970ல, அது மட்டும் 15,540 ஹெக்டேயர். நிலாவெளிக் கடலுக்குள்ள இருக்கிற புறாத்தீவு 2003ல தேசியப் பூங்கா, தேசியப் பூங்கா எல்லையில இருந்து 1 மைலுக்குள்ள அபிவிருத்தி வேலை எண்டா வனஜீவராசித் திணைக்களத்தின்ட எழுத்து அனுமதி வேணும். வயல மூடிக் கட்டுறதுக்கு 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடை போடுது. எல்லாம் புத்தகத்துல இருக்கு. ஆனா 1993ல வந்த ஒழுங்குவிதியப் பாருங்க, பொதுவா விடுதிக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேணும் எண்டுறது 99 அறைக்கு மேல போனா, இல்லாட்டி 40 ஹெக்டேயர தாண்டினா. சரணாலயத்துக்குள்ள எண்டா இதவிட இறுக்கம், ஆனா எல்லைக்கு வெளியில? அஞ்சு அஞ்சு அறையா இருபது பேர் கட்டினா 100 அறை. ஒருத்தரும் தனியாத் தாண்டேல்ல, ஊர் மட்டும் தாண்டிட்டுது. அதுலயும், புதுசாக் காடு வெட்டேல்ல, ஏற்கனவே கட்டடம் நிண்ட இடம்தானே எண்டு சொல்லிக்கொண்டு வந்தா, மேசையில இருக்கிற அதிகாரிக்குக் கையெழுத்து வைக்கிறது இன்னும் லேசு. பழைய கட்டடத்தக் காட்டித்தான் புதுக் கட்டடம் உள்ளுக்கு வரப்போகுது.

கமக்காரன் கஷ்டப்படுறான் எண்டு எதிரணி சொன்னது முழுக்க உண்மை. உரம், டீசல், அறுவடை மெஷின் கூலி எல்லாம் ஏறிப்போய், நெல்லு விலை மட்டும் அறுவடை நேரம் பாத்து விழுகுது. அவன் தன்ட காணில நாலு காசு பாக்கிறத நான் ஏன் தடுக்கப்போறன்? வாற ஆக்கள் எங்கட ஊர் வீட்டுல தங்கட்டும், ஹோம்ஸ்டே எண்டு பதிஞ்சு செய்யட்டும், அந்த வீட்டுக்கார அம்மா கையால சமைச்ச நண்டுக் கறியச் சாப்பிட்டுக் காசு அவ கைல குடுத்திட்டுப் போகட்டும். களஞ்சியம் நல்லாயிருந்தா அதே சுவரையும் அதே ஓட்டுக் கூரையையும் வச்சுக்கொண்டு ஒரு பக்கத்துல ஒரு அறை போடட்டும், மற்றப் பக்கத்துல நெல்லு இருக்கட்டும். இடிக்கிறதும், வயலுக்கு நடுவில கொங்கிறீட் போடுறதும், காணிக்காரனையே கேற் திறக்கிற காவல்காரனா நிப்பாட்டுறதும்தான் வேணாம் எண்டுறன். சம்பளம் மாசா மாசம் வருமே எண்டு கேப்பீங்க. சீசன் முடிஞ்சு ஒக்டோபரில மழை இறங்கினா கபானா பூட்டு, சம்பளமும் பூட்டு. அந்த நேரம் பெரும்போகத்துக்கு விதைக்க அவனிட்ட வயல் இருக்காது.

நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டுது, சரி. எதிரணில அடுத்துப் பேச வாறவரிட்ட ஒரேயொரு கேள்வி. ஓகஸ்ட் மாசம், குளம் பாதிக்குக் கீழ போயிட்டுது, விடுதில எல்லா அறையும் ஃபுல், வயல்ல நெல்லு குடலைப் பருவத்துல, கதிர் வெளிய வராமத் தண்டுக்குள்ளயே இருக்கிற நேரத்துல நிக்குது. அந்தக் கிழமை அந்தத் தண்ணி ஆருக்கு, அத முடிவெடுக்கிற கூட்டத்துல ஆர் ஆர் இருப்பாங்க? அதுக்குப் பதில் சொல்லிட்டு மற்றதப் பேசட்டும்.