சீசன் நாளில் நம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் மலை

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதத்தில் கொடைக்கானல் வீடுகளில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்பா வண்டி ஓட்டுகிறவர் என்றால் விடியுமுன்னே ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு லாட்ஜில் வேலை இருக்கும், இல்லாவிட்டால் ஏரிக்கரையில் சோளமும் கேரட்டும் விற்கிற கடை இருக்கும். வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டியதை இந்த ஒன்றரை மாதத்தில் சம்பாதித்தாக வேண்டும். ஊரெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு திரிவார்கள். நம் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு கையில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஜூனில் பள்ளி திறந்ததும், லீவில் எங்கே போனீர்கள் என்று கேட்பேன். மதுரை, திண்டுக்கல், பெரியம்மா வீடு என்று சில பிள்ளைகள் சொல்லும். "எங்கேயும் போகல டீச்சர்" என்கிற பிள்ளைகள்தான் அதிகம். ஏழாயிரம் அடி உயரத்தில், சோலைக்கும் ஓடைக்கும் பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளை இப்படிச் சொல்வது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பெற்றோரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பிழைப்புதான் முதலில். ஆனால் இந்த மலையைப் பிள்ளைக்குக் காட்டுவதற்குப் பணமோ வண்டியோ வேண்டியதில்லை. காலையில் இரண்டரை மணி நேரம் போதும். ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்கு வீடு திரும்பிவிடலாம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. இருந்தாலும் சீசனில் பத்து மணிக்கு மேல் ஏரிச்சாலையில் கால் வைக்க முடிவதில்லை. காலை ஆறு மணிக்கு அதே சாலை நமக்கே நமக்கு.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இது. சுற்றி வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆறு வயதுப் பிள்ளைகூட உட்கார்ந்து உட்கார்ந்து நடந்துவிடும். படகும் குதிரையும் கேட்டால், இன்னொரு நாள் என்று சொல்லுங்கள். நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பிள்ளை யோசிக்கட்டும். ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் ஓடையாக இறங்கி, மலைப்பாதையில் 8 கிலோமீட்டர் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பஸ்ஸில் வத்தலக்குண்டு போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்த அருவிதான். அது நம் ஏரித் தண்ணீர் என்று யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருநாள் ஏரிக்கரை, அடுத்த முறை கீழே அந்த அருவி என்று இரண்டையும் காட்டிவிட்டால், சிப்ஸ் கவரை ஏரியில் போடாதே என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

பிரையன்ட் பூங்காவும் மலர்க்கண்காட்சியும் எல்லாருக்கும் தெரிந்தவைதான், அதிகம் சொல்லப் போவதில்லை. மலை விளிம்பில் இருக்கிற நடைபாதையான கோக்கர்ஸ் வாக் பற்றி மட்டும் ஒரு சேதி. வெயில் முதுகுப் பக்கமும் மேகம் எதிரேயும் நிற்கும்போது, நம் நிழலே அந்த மேகத்தின் மேல் பெரிதாக விழும். தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அபூர்வமாகத்தான் வாய்க்கும். பக்கத்திலேயே இருக்கிற நாம் பலமுறை போய் நின்று பார்க்கலாம். ஒருநாள் வந்து போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது சோலைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நம் பிள்ளைகளைக் காடு வரையச் சொன்னால் பைன் மரத்தை வரைகிறார்கள். நேராக, உயரமாக, வரிசையாக. அவர்கள் மேல் தப்பில்லை, கண்ணில் படுவது அதுதான். பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. இந்த மலைக்குச் சொந்தமான காடு சோலை. பள்ளங்களிலும் ஓடை ஓரங்களிலும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும். கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் ஒட்டியிருக்கும். மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலை என்பதுதான் பழனிமலையின் பழைய அமைப்பு.

பெரியவர் ஒருவர் கூட வந்தால், பிள்ளைகளை முதலில் பைன் காட்டுக்கு அழைத்துப் போங்கள். தரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த ஊசி இலை மெத்தென்று கிடக்கும், வேறு செடிகள் ரொம்பக் குறைவு. அப்புறம் இன்னொரு காலை, கரடிச்சோலைப் பக்கமோ பாம்பார் சோலை ஓரமோ அனுமதி உள்ள பாதையில் போய் அங்கேயும் தரையைத் தொடச் சொல்லுங்கள். கை ஈரமாகும். மக்கிய இலை, சின்னச் சின்ன மரக்கன்று, காளான், நத்தை, பெயர் தெரியாத பூச்சி என்று ஐந்து நிமிஷத்தில் பிள்ளை கூப்பிட ஆரம்பித்துவிடும். மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்த மண்தான். ஏப்ரல் மாதத்தில் சோலைக்குள் ஓடை வற்றாமல் கசிவதும், நம் குழாயில் தண்ணீர் வருவதும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். கை வைத்துப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

சோலையில் சத்தம் போடாமல் பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கே கடினம்தான். ஆனால் உட்கார்ந்தால் சிரிப்பான் குருவிகள் வரும். பழனிமலைச் சிரிப்பான் என்று ஒரு பறவை இருக்கிறது. நம் மலையிலும் அதை ஒட்டிய ஆனைமலை, மூணாறு பக்கத்து மலைகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 19ம் நூற்றாண்டில் இங்கே இருந்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்க் என்பவரின் பெயரில்தான் விஞ்ஞானிகள் அதை அழைக்கிறார்கள். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், வயிறு பழுப்பு. வெட்கப்படாமல் வீட்டுத் தோட்டத்துக்கே பழம் தின்ன வரும். உங்கள் பேரிக்காய் மரத்தில்கூட வந்து உட்கார்ந்திருக்கலாம். சோலைக்கிளி என்கிற நீல நிறச் சின்னப் பறவை இன்னும் கூச்சம் மிகுந்தது. அதைப் பார்க்க விடியற்காலையும் பொறுமையும் வேண்டும்.

காட்டிலிருந்து எதையும் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. 2013லிருந்து இது கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். இலையை வரையட்டும். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் அப்பத்தாவிடம் காட்டட்டும். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு பிள்ளை அப்படிக் காட்டியபோது, படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்து, "அடி இவளே, இது காயத்துக்கு வச்சுக் கட்டுற தழைல்ல" என்று ஆரம்பித்து ராத்திரி வரைக்கும் பேசினார்கள்.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது, அடுத்து 2030. பூக்காத வருஷங்களில் அந்தச் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலைகள் எதிரெதிராக இருக்கும், நரம்பு அழுந்தித் தெரியும், சரிவுகளில் புதராக நிற்கும். இப்போதே அடையாளம் காட்டிவிடுங்கள். 2018ல் பிறந்த பிள்ளைக்கு 2030ல் பன்னிரண்டு வயது ஆகும். தான் வருஷா வருஷம் பார்த்து வந்த செடி பூப்பதை அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும். குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகிற வழியிலேயே இதைப் பேசிக்கொண்டு போகலாம்.

சரி, வீட்டை விட்டு நகரவே முடியாத நாட்களும் உண்டு. அம்மா அப்பா வேலை முடிந்து வரவே இரவு எட்டு ஆகிவிடுகிறது. அதற்கும் ஒன்று இருக்கிறது. மே மாதத்தில் பல நாள் மதியத்துக்கு மேல் இடிமழை பெய்து, இரவில் வானம் கழுவிவிட்டாற்போல ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கோ மாடிக்கோ வாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை கொஞ்ச நேரம் இருங்கள்.

வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் இருக்கும். ஏழு நட்சத்திரம். அதன் வாலில் நடுவில் இருக்கும் நட்சத்திரத்தை உற்றுப் பாருங்கள், ஒட்டினாற்போல மங்கலாக இன்னொன்று தெரியும். முதலாவது வசிஷ்டர், மங்கலாக இருப்பது அருந்ததி. கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்த்தோமே, உண்மையில் பார்த்தோமா? அது இதுதான். வாலின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. இன்னும் நீட்டினால் வெண்ணீலமாகச் சித்திரை. நம் பெரியவர்களின் ஜாதகத்தில் இருக்கிற பெயர்கள் எல்லாம் வானத்தில் நிற்பதைப் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். தெற்கே மலை மறைக்காத இடம் என்றால், ஒன்பது மணி வாக்கில் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் தெரியும். அதற்கு இடப்பக்கம் பிரகாசமாக இரண்டு. அதில் சிலுவைக்குத் தள்ளி இருப்பதுதான், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம். அங்கிருந்து வெளிச்சம் வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம், ஏறக்குறைய நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது கிளம்பிய வெளிச்சம் இது என்று சொல்லிப் பாருங்கள்.

வானத்தில் ஆசை வந்துவிட்டால் சூரிய ஆய்வுக்கூடம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1909ல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தார். நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பொதுமக்களை அனுமதிக்கிற நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள்.

கொஞ்சம் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இங்கே குளிராக இருப்பதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக்கதிர் கூடும். பிள்ளைகளுக்குத் தொப்பி போடுங்கள். மதியம் இடி கேட்டால் புல்வெளியிலோ தனி மரத்தடியிலோ நிற்க வேண்டாம், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மழைக்குப் பிறகு சோலையில் அட்டை இருக்கும், உப்பை ஒரு துணியில் முடிந்து எடுத்துப் போங்கள். அருவிப் பாறை வழுக்கும், மேலே ஏற விடாதீர்கள். காட்டுமாடு ஊருக்குள் வந்து மேய்வதால் நமக்குப் பயம் விட்டுப்போயிற்று. அது தப்பு. ஆண் மாடு ஒரு டன் எடை வரை இருக்கும். கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடவோ கல்லெறியவோ கிட்டப்போய்ப் படம் எடுக்கவோ வேண்டாம். குரங்குக்குத் தின்பண்டம் நீட்டுவதைப் பிள்ளைகள் வெளியூர்க்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதை நாம்தான் தடுக்க வேண்டும்.

ஒரு முழுநாள் கிடைத்தால் பஸ் ஏறிப் பூம்பாறை போங்கள், அப்படியே மன்னவனூர் வரை. படிப்படியாகப் பூண்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், அப்புறம் புல்வெளியும் ஏரியும் ஆட்டுப் பண்ணையும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விளைவிக்கிறவர்களில் உங்கள் சொந்தக்காரர்களே இருப்பார்கள். அவர்கள் வயலில் இறங்கி ஒரு மணி நேரம் பிள்ளை வேலை பார்க்கட்டும். எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தூக்குவாளியில் எடுத்துப் போங்கள். தண்ணீருக்கு வீட்டுப் பாட்டிலே போதும். வழியில் பிளம்ஸும் பீச்சும் இந்த மாதம் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே என்பீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் தினமும் முடியாதுதான். தெருவில் நாலு வீடு சேர்ந்தால் முடியும். வாரத்துக்கு நாலு காலை, வீட்டுக்கு ஒரு காலை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் சனி ஞாயிறு ஓய முடியாது, செவ்வாய் புதன் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஒரு பெரியவர் தனியாக அழைத்துப் போக வேண்டாம், இரண்டு பேராகப் போங்கள். ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறோம். வந்து கதவைத் தட்டுங்கள், வருகிறோம்.

நன்றி. வணக்கம்.