பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்: எட்டும் மனப்பாடம், ஆனா ஏன் குழம்புது?

நவுன், ப்ரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். இங்கிலீஷ் வேர்டுகளோட இந்த எட்டு வகையையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சிடுவோம். ஆனா ஒரு சென்டென்ஸைக் குடுத்து இதுல அட்வெர்ப் எதுன்னு கேட்டா முழிப்போம். ஏன்னா நமக்கு சொல்லிக்குடுத்தது எல்லாம் "நேமிங் வேர்ட், ஆக்‌ஷன் வேர்ட்"னு ஒரு வரி டெஃபனிஷன்தான், அதை நம்பிப் போனா மாட்டிக்குவோம். "அரைவல்"னா வந்து சேர்றது, ஆக்‌ஷன்தானே, ஆனா அது நவுன். "பிலாங்"ல என்ன ஆக்‌ஷன் இருக்கு? ஆனா வெர்ப்.

இப்ப ஸ்கிரீனைப் பாருங்க, "ரவுண்ட்"னு ஒரே வேர்டுதான்.

எ ரவுண்ட் டேபிள். இங்க அட்ஜெக்டிவ்.
ஒன் மோர் ரவுண்ட். நவுன்.
தி கார் ரவுண்டட் தி கார்னர். வெர்ப்.
தி எர்த் கோஸ் ரவுண்ட் தி சன். ப்ரெபொசிஷன்.
ப்ளீஸ் டர்ன் ரவுண்ட். அட்வெர்ப்.

அஞ்சு சென்டென்ஸ், அஞ்சு வேலை. அதனால வேர்டைத் தனியா பிடிச்சு வச்சுக்கிட்டு "நீ என்ன க்ளாஸ்"னு கேக்காதீங்க, அந்த சென்டென்ஸ்ல அது என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. பாஸ்ட் டென்ஸுக்கு மாத்த முடியுதா, அப்ப வெர்ப். முன்னாடி "மை" போட்டு, பின்னாடி வேற வேர்டே இல்லாம நிக்குதா, அப்ப நவுன். ஒரு நவுனை ஒட்டி அதைப் பத்தி சொன்னா அட்ஜெக்டிவ்.

அது சரி, ஏன் எட்டு? பழைய கிரேக்க இலக்கணத்துல எட்டு வகை, அதுல ஆர்ட்டிகிளும் (இங்கிலீஷ்ல எ, ஆன், தி மாதிரி) ஒண்ணு. லத்தீன்ல ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டை எட்டாவே காப்பாத்திட்டாங்க. அந்தப் பழக்கம்தான் இங்கிலீஷுக்கும் வந்துச்சு, ஆனா இங்கிலீஷ்ல ஆர்ட்டிகிள் இருக்கே! அதனால 1795-ல லிண்ட்லி மர்ரேங்கிறவர் எழுதி வந்த இங்கிலீஷ் கிராமர் புக்ல ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது. இப்ப உள்ள கிராமர் புக்ஸ்ல "தி, மை, திஸ், சம்" எல்லாம் டிட்டர்மைனர்னு தனி க்ளாஸ். நம்ம தொல்காப்பியத்துல பெயர், வினை, இடை, உரின்னு நாலுதான். ஸோ எட்டுங்கிறது ஒண்ணும் வேதவாக்கு இல்ல.

இன்னொரு பிரிவும் இருக்கு, என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப யூஸ்ஃபுல். நவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் நாலும் ஓப்பன் க்ளாஸ், புது ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க. "கூகுள்" வெர்பா ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குள்ள போனது 2006-ல. ப்ரோநவுன், ப்ரெபொசிஷன், கன்ஜங்ஷன், டிட்டர்மைனர் எல்லாம் க்ளோஸ்டு க்ளாஸ், அங்க புதுசா யாரும் சுலபத்துல நுழைய முடியாது. கொஞ்சம் பேர்தான், ஆனா நம்மளை அதிகமா படுத்துறது அவங்கதான்.

காரணம் சிம்பிள். தமிழ்ல பஸ்ல, கார்ல, ஸ்டாப்ல, எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே "ல". இங்கிலீஷ்ல ஆன் தி பஸ், இன் தி கார், அட் தி பஸ் ஸ்டாப், மூணு வேர்டு, அதுவும் முன்னாடி. "அதைப் பத்தி பேசினோம்"ங்கிறதை மனசுல வச்சுக்கிட்டுதான் "டிஸ்கஸ் அபவுட்"னு சொல்லிடுறோம், ஆனா டிஸ்கஸுக்கு அபவுட் தேவையே இல்ல, நேரா "வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்".

கடைசியா அட்வெர்ப். எந்த க்ளாஸ்லயும் சேராததை எல்லாம் இதுக்குள்ள தள்ளி விட்டிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம், "வெரி"யும் அட்வெர்ப், "ஹவெவர்"உம் அட்வெர்ப்! இதுல "லி"ல முடிஞ்சா அட்வெர்ப்னு ஒரு ஷார்ட்கட் சொல்லுவாங்க, முழுசா நம்பாதீங்க. ஃப்ரெண்ட்லி, லவ்லி ரெண்டும் அட்ஜெக்டிவ். ஃபாஸ்ட், ஹார்ட் ரெண்டும் "லி" இல்லாமலே அட்வெர்பா வரும். இன்டர்வியூல "ஐ ஒர்க் ஹார்ட்"னு சொல்லுங்க, கிராமர் நல்லா இருக்கட்டுமேன்னு "ஐ ஹார்ட்லி ஒர்க்"னு மாத்திடாதீங்க, நான் வேலையே பாக்கறது இல்லன்னு நீங்களே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிடும்.