சூரியனில் ஆடிய வளையம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீணைத் தந்தியை மீட்டினால் எழும் சுருதி, தந்தியின் நீளம், கனம், முறுக்கு மூன்றையும் பொறுத்தது. நீளமும் கனமும் தெரிந்துவிட்டால், சுருதியைக் கேட்டே முறுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். தொட்டுப் பார்க்கக்கூட வேண்டாம். சூரியனையும் இப்படித்தான் அளந்தார்கள்.

முழு கிரகணத்தன்று சூரியனைச் சுற்றி வெண்மையாகப் படர்ந்து தெரியுமே, அதுதான் கரோனா. அதன் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அங்கே காந்தக் கோடுகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. இரண்டு பாதங்களும் கீழே சூரியனின் மேற்பரப்பில் ஊன்றியிருக்கும். கோடுகளை ஒட்டிச் சூடான பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த வாயு, ஒளிர்வதால், புறஊதாப் படங்களில் வளையம் வளையமாகத் தெரியும். வீணைத் தந்திக்கு முறுக்கு எப்படியோ, இந்த வளையத்துக்குக் காந்தம் அப்படி. ஆனால் அந்தக் காந்தம் எவ்வளவு வலிமையானது? கரோனா அவ்வளவு மங்கல் என்பதால், நேரடியாக அளப்பது மிகவும் கடினம்.

1998 ஜூலை 14. நாசாவின் டிரேஸ் செயற்கைக்கோள் மேலே போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சூரியனில் ஒரு வெடிப்பு. பக்கத்தில் இருந்த வளையங்கள் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின. அவற்றில் ஒன்றின் நீளம் சுமார் 1,30,000 கிலோமீட்டர். பத்து பூமிகளை வரிசையாக வைக்கலாம். ஒரு முறை ஆடித் திரும்ப அதற்கு 256 விநாடி ஆனது. அப்புறம் கணக்கு எளிது. அந்த நேரத்தில் அலை வளையத்தின் ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்குப் போய்வரும் 2,60,000 கிலோமீட்டரை 256-ஆல் வகுத்தால், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இதோடு பிளாஸ்மாவின் அடர்த்தியையும் சேர்த்து, வலேரி நகாரியகோவ், லியோன் ஓஃப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் விடை சொன்னார்கள்: 13 காஸ் (காந்த வலிமையின் அலகு), கூடவோ குறையவோ 9 காஸ். பிழை பெரிதுதான். ஆனாலும் ஆட்டத்தைப் பார்த்தே காந்தத்தை எடை போட்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்த வளையம் நெடுநேரம் ஆடவில்லை. மூன்று நான்கு ஆட்டத்திலேயே வெகுவாகத் தளர்ந்துவிட்டது. அசைவின் ஆற்றல் வளையத்தின் ஓரத்து மெல்லிய அடுக்குகளுக்குள் நழுவிப்போகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

சரி, எல்லா வளையமும் இப்படி அடங்கிவிடுமா? இல்லை. சூரியனைக் கண்காணிக்க 2010-இல் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் 12 விநாடிக்கு ஒரு படம் எடுத்தது. எந்த வெடிப்பும் இல்லாத வேளையிலும் வளையங்கள் மிகச் சிறிதாக, ஓயாமல் ஆடுவது அதில் தெரிந்தது. அப்படியானால் அவற்றுக்கு யாரோ ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வயலினில் வில் ஒரே சீராக நகர, தந்தி விடாமல் அதிர்கிறதல்லவா? அதுபோல, வளையத்தை உரசி மெல்ல நகரும் பிளாஸ்மாவே அதை ஆட்டுகிறது என்கிறது ஒரு கருத்து. அந்த வில்லைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.