அட்டவணையில் விடுபட்ட எண்: ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். சென்ற பதிவைப் பார்த்த மன்னார்குடி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “293318625600 ஓர் உயர்பகு எண் என்றீர்கள். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் அதைக் காணோமே? அதற்கு 5,040 காரணிகள் என்று எண்ணிப் பார்த்தா சொன்னீர்கள்?” அட்டவணை வரை தேடிப் போயிருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சி நிற்பதே உயர்பகு எண். நம் பக்கத்துக் களத்துமேட்டில் பன்னிரண்டு மரக்காலை ஒரு கலம் என்று அளந்தார்கள் அல்லவா, அந்த 12 இவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு ஆறு காரணிகள், 11 வரை எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. கலத்தில் மூன்றில் ஒன்று தூணி, நான்கில் ஒன்று முக்குறுணி, ஆறில் ஒன்று பதக்கு என்று முழு மரக்காலாகவே பங்கு விழும். பத்து மரக்கால் ஒரு கலமாக இருந்திருந்தால் மூன்று பங்காளிகள் வந்ததுமே தகராறுதான்.

நேயர் சொல்லும் எண், அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600, பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வரும். ஒரு காரணியை அமைக்கும்போது 2-ஐ அறவே விட்டுவிடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம்; ஆக ஏழு வழிகள். இப்படியே மற்றவற்றுக்கும் பார்த்தால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5,040. எண்ண வேண்டிய வேலையே இல்லை.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று எங்கும் ஏறாமல் வருவதைக் கவனியுங்கள். 18-இல் 2 ஒரு முறை, 3 இரு முறை. அடுக்குகளை இடம் மாற்றினால் 12. இரண்டுக்கும் ஆறே காரணிகள், ஆனால் 12 சிறியது, ஆகவே 18 தோற்றுவிடுகிறது. இந்த ஒழுங்கு உயர்பகு எண்ணுக்குக் கட்டாயம். அது மட்டுமே போதாது, சிறிய எண்களோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அட்டவணை. அதில் 240940299600-க்கு 4,800 காரணிகள். அடுத்த வரி 321253732800, அதற்கு 5,376. நம் எண் இவ்விரண்டுக்கும் நடுவே, 5,040 காரணிகளோடு உட்கார வேண்டியது; முந்தையதை மிஞ்சுகிறது, அதைவிடச் சிறிய எதற்கும் 5,040 இல்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர், கணினி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு நூறுக்கும் மேற்பட்ட எண்களை அடுக்கியபோது விடுபட்டது இது ஒன்றுதான். அவருடைய தேற்றங்களுக்கு இதனால் சேதமில்லை. அட்டவணையில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவே.

முழு வர்க்கமா என்றும் கேட்டிருந்தார். இல்லை, 11 ஒரே ஒரு முறைதான் வருகிறது. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும், 23-இல் நின்றுவிடும்.